டார்ட் இல்லாத தளர்வான காட்டன் டாப்ஸ்: வெட்டுவதும் தைப்பதும்

லூஸான டாப்ஸ் தைக்கிறோம் என்று எல்லா அளவிலும் இரண்டு இன்ச் கூட்டி வெட்டினால் கழுத்து ஒரு பக்கமாக வழிந்துகொண்டே இருக்கும். தோளும் கழுத்தும் உடம்பில் சரியாக உட்கார வேண்டும். லூஸ் எல்லாம் மார்பிலும் அதற்குக் கீழும்தான். இங்கே சொல்வது டார்ட் (உடல்வாகுக்காகத் துணியில் கூம்பாக மடித்துப் போடும் தையல்), ஹூக், ஜிப் இல்லாமல் தலை வழியாகப் போடும் டாப்ஸ். கையும் உடம்போடு சேர்ந்தே வெட்டப்படும். கைக்குழியில் கையைப் பொருத்தும் சிரமம் இல்லாததால் புதிதாகத் தைப்பவர்களுக்கு இதுதான் ஏற்றது.

மார்பு 36, சீட் (பின்புறத்தின் சுற்றளவு) 40 இன்ச் உள்ளவருக்கு 44 இன்ச் பன்னா (துணியின் அகலம்) உள்ள காட்டன் 1.75 மீட்டர் வாங்குங்கள். பாப்ளினும் கேம்பிரிக்கும் மடித்த இடத்தில் அப்படியே நிற்கும். ரயானும் சாட்டினும் வழுக்கும், அவற்றை அடுத்த முறைக்கு வைத்துக்கொள்ளலாம். துணியை இரவு முழுக்கத் தண்ணீரில் ஊறவைத்து, நிழலில் உலர்த்தி, அயர்ன் செய்த பிறகே வெட்டுங்கள். காட்டன் மீட்டருக்கு மூன்று நான்கு சென்டிமீட்டர் சுருங்குவது சாதாரணம். ஊறவைக்காமல் தைத்தால் முதல் துவைப்பிலேயே நீளம் ஒரு இன்ச் போய்விடும்.

முதலில் பிரவுன் பேப்பரில் பாதி உடம்பை வரையுங்கள். பேப்பரின் நேர் ஓரம்தான் நடுக்கோடு. டாப்ஸின் நீளம் 26 இன்ச். ஷோல்டர் தையலுக்கு அரை, அடி மடிப்புக்கு ஒன்றரை சேர்த்து 28. மார்புக்கு 6 இன்ச் லூஸ் கொடுத்தால் 42. அதில் நாலில் ஒரு பங்கு 10½, தையலுக்கு 1 கூட்டி 11½. சீட்டுக்கு 4 இன்ச் லூஸ் போதும்: 44-ல் நாலில் ஒரு பங்கு 11, தையலோடு 12.

நடுக்கோட்டிலிருந்து கழுத்து அகலம் 3¼. இறக்கம் முன்பக்கம் 6, பின்பக்கம் 2. கழுத்துப் புள்ளியிலிருந்து கை ஓரம் வரை ஷோல்டர் கோடு சாய்வாக இறங்க வேண்டும். நடுக்கோட்டிலிருந்து 16 இன்ச் தள்ளியிருக்கும் கை ஓரத்தில், மேல் கோட்டிலிருந்து 2 இன்ச் கீழே புள்ளி வையுங்கள். இந்தச் சாய்வு இல்லாமல் துணியை மேலே மடித்து ஒரே துண்டாக வெட்டுபவர்கள் உண்டு. அதில் தோளருகே துணி தூக்கிக்கொண்டு நிற்கும், பூப்போட்ட துணியென்றால் முதுகில் பூ தலைகீழாக வரும்.

கை வாய், அதாவது கை ஓரத்தில் அந்தப் புள்ளியிலிருந்து கீழே, 7½ இன்ச். மேலிருந்து 10 இன்ச் இறக்கத்தில் அக்குள். கையின் அடிக்கோட்டையும் பக்கக் கோட்டையும் அங்கே கூர்மையாகச் சேர்க்காமல் வளைவாக வரையுங்கள். ‘லூஸ்தானே’ என்று அக்குளை 12, 13-க்கு இறக்கிவிடாதீர்கள். அக்குள் எவ்வளவு இறங்குகிறதோ, கையைத் தூக்கும்போது டாப்ஸும் அவ்வளவு மேலே ஏறும்.

துணியின் இரண்டு கரையும் ஒன்றோடொன்று சேரும்படி நீளவாக்கில் மடித்து, மடிப்பில் பேப்பரின் நடுக்கோட்டை வைத்து முன்பக்கத்தையும் பின்பக்கத்தையும் தனித்தனியே வெட்டுங்கள். கழுத்தை மட்டும் வரைந்த கோட்டுக்குக் கால் இன்ச் உள்ளேயே வெட்டுங்கள். வெட்டியதைப் பெரிதாக்கலாம், சிறிதாக்க முடியாது.

பாப்ளினுக்கு 14-ஆம் நம்பர் ஊசி, இன்ச்சுக்குப் பத்துத் தையல். மீதத் துணியில் தைத்துப் பார்த்து நூலின் டென்ஷன் (இறுக்கம்) சரிசெய்துகொள்ளுங்கள். நல்ல பக்கங்கள் உள்ளே இருக்க இரண்டு ஷோல்டரையும் அரை இன்ச் விட்டுத் தைத்து, தையலுக்கு விட்ட துணியை இரு பக்கமும் விரித்து அயர்ன் செய்யுங்கள். பிறகு டேப்பை நிறுத்திவைத்து கழுத்து வளைவைச் சுற்றி அளந்து பாருங்கள். தலைச் சுற்றளவைவிட ஒரு இன்ச்சாவது கூடுதலாக இருக்க வேண்டும். போதாவிட்டால் முன் இறக்கத்தை அரை இன்ச் கூட்டுங்கள்.

கழுத்து ஓரத்தை முடிக்கும் பட்டையான கிராஸ் பீஸை மீதத் துணியில் 45 டிகிரி சாய்வில் 1¼ இன்ச் அகலத்துக்கு வெட்டுங்கள். நேர் இழையில் வெட்டிய துண்டு வளைவில் சுருங்கி இழுக்கும். அதை வைக்கும் முன் கழுத்து ஓரத்தில் ஒரு வரி தையல் ஓட்டிவிடுங்கள். இல்லாவிட்டால் கையாளும்போதே கழுத்து விரிந்துவிடும். கிராஸ் பீஸை நல்ல பக்கத்தில் வைத்து, வளைவில் மட்டும் லேசாக இழுத்துப் பிடித்து, கால் இன்ச்சில் தையுங்கள். அரை இன்ச்சுக்கு ஒரு கீறல் போட்டு, உள்ளே திருப்பி, ஓரத்தை மடித்து அடியுங்கள். முடித்த கழுத்து அலை அலையாக நின்றால் பீஸை இழுக்காமல் வைத்திருக்கிறீர்கள் என்று அர்த்தம். சுருங்கினால் அதிகம் இழுத்துவிட்டீர்கள்.

அடுத்து கை வாயிலிருந்து அக்குள் வழியாக, கீழே 5 இன்ச் ஸ்லிட்டுக்கு விட்டு, ஒரே ஓட்டமாக ஒரு இன்ச்சில் தையுங்கள். அதிகம் கிழியும் இடம் அக்குள் வளைவு என்பதால் அங்கே பொடித் தையலாக இரண்டாவது வரி போடுங்கள். பிறகு வளைவில் தையலுக்கு ஒரு நூல் தூரம் வரை நான்கைந்து கீறல்கள். கீறாமல் திருப்பினால் அக்குளில் துணி இழுபட்டு மார்புவரை சுருக்கம் விழும். ஓரம் பிரியாமலிருக்க மெஷினில் ஜிக்ஜாக் இருந்தால் போதும், இல்லையென்றால் தையல் கடையில் ஓவர்லாக் அடித்து வாங்கிக்கொள்ளலாம்.

கை வாயை ஒரு இன்ச் மடித்து அடியுங்கள். ஸ்லிட்டின் இரு பக்கமும் தையலுக்கு விட்ட துணியை உள்ளே மடித்து அடித்து, ஸ்லிட் தொடங்கும் இடத்தில் குறுக்கே மூன்று நான்கு முறை முன்னும் பின்னும் ஓட்டுங்கள். அடி மடிப்புக்கு முன் டாப்ஸைப் போட்டுக் கண்ணாடி முன் நின்று, முன்பக்கமும் பின்பக்கமும் ஒரே மட்டமாக இருக்கிறதா என்று பார்த்துச் சாக்பீஸால் குறித்துக்கொள்ளுங்கள். மார்பு பெரிதாக இருப்பவர்களுக்கு முன்பக்கம் தூக்கிக்கொள்ளும். அவர்கள் பேப்பரில் முன்பக்கத்தின் அடியை நடுக்கோட்டில் மட்டும் முக்கால் இன்ச் கூட்டி, பக்கத் தையலில் பழைய நீளத்துக்கே வந்து சேரும்படி வளைத்து வெட்ட வேண்டும்.