ஓவியத்திலிருந்து இடைக்கால ஆர்கன் குழல்களை அளப்பது எப்படி?

துருத்திக் காற்றால் குழல்களை ஒலிக்கச் செய்யும் இசைக்கருவியான ஆர்கனில், ஐரோப்பிய இடைக்காலத்தவையாக இன்று எஞ்சியிருப்பவை மிகச் சொற்பம் என்பதால், அவற்றின் குழல்களுக்கு நீளமும் அகலமும் எவ்வாறு வகுக்கப்பட்டன என்பதை அறிய ஏடுகளையும் ஓவியங்களையும் சிற்பங்களையும் துணைகொள்ள வேண்டியிருக்கிறது. படத்தைப் பெரிதாக்கிக் காட்டும் திரையும் ஓர் அளவுகோலும் இருந்தால், இதைப் புதியவர்களும் செய்யலாம்.

முதலில் படத்தைத் தேர்ந்தெடுங்கள். 9-ஆம் நூற்றாண்டின் உட்ரெக்ட் திருப்பாடல் ஏட்டில் உள்ள ஆர்கன் புகழ்பெற்றது. ஆனால் அது விரைந்த கோட்டோவியம், அளப்பதற்கு ஏற்றதன்று. குழல் வரிசை நேராக நம்மை நோக்கியிருக்கும் படமே நல்லது. பக்கவாட்டில் திரும்பிய கருவியில் தொலைவிலுள்ள குழல்கள் சிறுத்துத் தெரியும்.

அடுத்து நீளம். குழலின் கீழ்ப்பகுதியில் காற்று வெளிப்படும் பிளவே வாய். அதற்குக் கீழே கூம்பிச் செல்வது கால். சுரத்தைத் தீர்மானிப்பது வாயிலிருந்து மேல்நுனி வரையுள்ள நீளம் என்பதால், காலைச் சேர்க்காதீர்கள். கையில் ஏந்தி வாசிக்கும் சிறு ஆர்கன்களில், வரிசையின் ஓரத்தில் சில நெடிய குழல்கள் கோபுரம்போல் தனித்து நிற்பதுண்டு. அவை சுருதிக்கு உரியவை, அவற்றையும் விலக்கிவிடுங்கள்.

இனி விகிதம். மிக நீண்ட குழல் திரையில் 90 மி.மீ. எனக் கொள்வோம். அதை ஷட்ஜமாக (ச) வைத்தால், அக்கால ஏடுகள் பின்பற்றிய பிதாகரஸ் கணக்கின்படி மத்திமம் (ம) அதில் முக்கால் பங்காக 67.5, பஞ்சமம் (ப) மூன்றில் இரு பங்காக 60, மேல் ஷட்ஜம் பாதியாக 45 மி.மீ. என அமைய வேண்டும். ஏழு சுர வரிசையில் எட்டாவது குழலிலும், பன்னிரண்டு சுரத்தானங்களும் உள்ள வரிசையில் பதின்மூன்றாவது குழலிலும் நீளம் பாதியாகும். திறந்த முனைக்கு வெளியேயும் காற்று சிறிது அதிர்வதால், உண்மைக் குழல் பாதியைவிடச் சற்றுக் குட்டையாகவே இருக்கும்.

குழல்களின் நுனிகளை இணைத்து ஒரு கோடு வரையுங்கள். என் மதிப்பில் இந்தப் பயிற்சியின் உயிர்நாடி இதுதான். அந்தக் கோடு உள்வாங்கிய வளைவாக இருந்தால், ஓவியர் கருவியை உற்றுநோக்கியிருக்கலாம் என எண்ண இடமுண்டு. நேர்கோடானால் கணக்கு இடிக்கும்: ஏழு சுர வரிசையின் எட்டாவது குழலில் 90-லிருந்து 45-க்கு இறங்கும் நேர்கோடு, அதே சரிவில் பதினைந்தாவது குழலில் பூஜ்யத்தைத் தொட்டுவிடும், அங்கே இருக்க வேண்டியதோ 22.5 மி.மீ. ஆகவே இரண்டு ஸ்தாயிகளுக்கு (ஒரு ஸ்தாயி என்பது ஷட்ஜம் முதல் மேல் ஷட்ஜம் வரை) நேர்சரிவு காட்டும் படத்தை நீளத்துக்குச் சான்றாகக் கொள்ளக் கூடாது.

கடைசியாக அகலம். நெட்டைக் குழலும் குட்டைக் குழலும் ஒரே அகலத்தில் இருந்தால் அதை ஓவியரின் பிழையென்று தள்ளிவிடாதீர்கள். பெர்ன் நகரில் காக்கப்படும், ஆசிரியர் பெயரில்லாத லத்தீன் ஏடு, புறா முட்டையின் அகலத்தையே எல்லாக் குழல்களுக்கும் விதிக்கிறது. கைவினைக் கலைகளைப் பற்றி எழுதிய 12-ஆம் நூற்றாண்டின் தியோஃபிலஸ், செப்புத் தகட்டை மெலிதாக அடித்து, இரும்பு அச்சில் சுற்றிக் குழலாக்கும் முறையை விளக்குகிறார். பெத்லகேமில் 1906-இல் கண்டெடுக்கப்பட்ட 222 இடைக்கால ஆர்கன் குழல்களும் இந்தச் சீரான அகலத்தை உறுதிப்படுத்துகின்றன. இம்முறையில் நீண்ட குழல் நீளத்துக்கு ஒடுங்கியதாகிக் கூரிய ஒலியையும், குட்டைக் குழல் அகன்றதாகிப் புல்லாங்குழல் சாயலையும் தரும்.

15-ஆம் நூற்றாண்டுப் படங்களில் அகலத்தையும் குழல்தோறும் அளந்து குறியுங்கள். ஏறத்தாழ 1440-இல் ஆர்னோ த ஸ்வோல் இசைக்கருவிகளைப் பற்றி எழுதிய ஏட்டில் சுரத்துக்கேற்ப அகலமும் மாறுகிறது.