பழைய பிக்கப்பில் கேபின் ஃபில்டரைத் தேடிப் பிடிப்பது

நான் தச்சு வேலை செய்கிறவன். என் பிக்கப்புக்கு 19 வயது. பின்தட்டில் எப்போதும் மரத்தூள் கிடக்கும். கதவைத் திறந்து மூடுவதற்குள் பாதி உள்ளே வந்துவிடும். ஒரு கோடையில் ஏசியிலிருந்து காற்றே வரவில்லை. காற்றை ஊதும் புளோயர் மோட்டார்தான் போய்விட்டது என்று நானே முடிவு கட்டி, புதியது வாங்கி மாட்டினேன். காற்று துளியும் கூடவில்லை. மோட்டாரைக் கழற்றிய துளை வழியே ஒரு தடவை அண்ணாந்து பார்த்திருந்தால், நேர் மேலே கம்பளிபோல அடைத்துக் கிடந்த ஃபில்டர் தெரிந்திருக்கும். பார்க்கவில்லை.

இஞ்சினுக்குப் போகும் காற்றை வடிகட்டும் ஃபில்டர் வேறு, நாம் சுவாசிக்கும் காற்றுக்கான இந்த ஃபில்டர் வேறு. முதலாவதை மாற்றிவிட்டு இரண்டையும் மாற்றியதாக நம்புகிறவர்கள் நிறைய.

பழைய வண்டியில் முதல் கேள்வி, ஃபில்டர் இருக்கிறதா என்பதே. கையேட்டைப் பாருங்கள். கையேடு தொலைந்திருந்தால் இரண்டு இடங்களில் தேடுங்கள்: கிளவ் பாக்ஸுக்குப் பின்னால், அல்லது வைப்பருக்குக் கீழே முன்கண்ணாடியை ஒட்டிய பிளாஸ்டிக் மூடிக்கு அடியில். சில வண்டிகளில் இடம் மட்டும் இருக்கும், ஃபில்டர் இருக்காது. சிலவற்றில் இடமே இல்லை. திறக்க முடியாதபடி ஒட்டிய மூடியைக் கத்தியால் அறுத்து ஃபில்டர் வைக்கிறவர்கள் உண்டு. உள்ளே ஃபில்டர் உட்காரத் தண்டவாளம்போல் விளிம்பு இருப்பது உறுதியானால் மட்டும் அதைச் செய்யுங்கள். பின்னால் ஏசியின் கூலிங் காயில் (காற்றைக் குளிர்விக்கும் குழாய்ச்சுருள்) இருக்கலாம். கத்தி ஆழமாக இறங்கினால் ஏசி கேஸ் முழுவதும் கசிந்து போய்விடும்.

சாவியை எடுத்துவிட்டுத் தொடங்குங்கள். பெரும்பாலான கிளவ் பாக்ஸ்களின் இரு பக்கங்களையும் உள்நோக்கி அமுக்கினால் தடுப்பு விடுபட்டு, பெட்டி கீழே தொங்கும். ஒரு பக்கம் மெல்லிய கயிறோ சிறு தண்டோ இருந்தால் முதலில் அதைக் கழற்றுங்கள். வயதான பிளாஸ்டிக் குளிரில் முறுக்குபோல உடையும். குளிர்ந்த காலையில் இந்த வேலை வேண்டாம். என் பெட்டியின் இடது காது அப்படித்தான் போயிற்று. இப்போது ஒரு மர ஆப்பு அதைத் தாங்குகிறது.

பழைய ஃபில்டரை வெளியே இழுக்கும் முன் அதன் அம்புக்குறி எந்தப் பக்கம் பார்க்கிறது என்று படம் எடுத்துக்கொள்ளுங்கள். அம்பு காற்று போகும் திசையைக் காட்டுவது. முன்பு மாட்டியவர் தலைகீழாக மாட்டியிருக்கவும் கூடும். அழுக்கு அதிகமுள்ள பக்கம்தான் காற்று நுழையும் பக்கம். சில வண்டிகளில் இரண்டு துண்டுகள் இருக்கும். ஒன்று வந்ததும் வேலை முடிந்தது என்று மூடிவிடாதீர்கள். கையை விட்டுத் துழாவுங்கள்.

எலிக்கூடு கிடந்தால் ஊதாதீர்கள், பெருக்காதீர்கள். முகக்கவசமும் கையுறையும் அணிந்து, கிருமிநாசினி தெளித்து நனைத்து, ஊறவிட்டுத் துடைத்தெடுங்கள். எலி எச்சத்தின் தூசியிலிருந்து நோய் தொற்றும்.

கழற்றிய ஃபில்டரை வெளிச்சத்துக்கு எதிரே பிடித்துப் பாருங்கள். மடிப்புகளுக்குள் ஒளி தெரியாவிட்டால் மாற்றவேண்டியதுதான். ஈரமாகவோ பூஞ்சை வாடையுடனோ இருந்தாலும் அப்படியே. காகித ஃபில்டரைக் கழுவக் கூடாது. காற்றடித்து ஊதுவதும் எனக்குப் பிடிக்காது. இழைகள் கிழிந்தால் கண்ணுக்குத் தெரியாது. இலை, சருகு மட்டும் மேலே கிடந்தால் தட்டிவிட்டு மீண்டும் போடலாம். புகை, டீசல் வாடை தொந்தரவு செய்தால் கரி கலந்த ஃபில்டர் வாங்குங்கள். எனக்குத் தூசிதான் எதிரி, சாதாரணமானது போதும்.

ஃபில்டர் போகும் பொந்தையும் துடைத்துவிடுங்கள். வைப்பருக்கு அடியில் குவிந்த சருகையும் அள்ளுங்கள். தண்ணீர் வடியும் துளை அடைத்தால் மழைநீர் உள்ளே இறங்கித் தரைவிரிப்பை நனைக்கும். புது ஃபில்டர் போட்ட பிறகும் வாடை நிற்காவிட்டால் கூலிங் காயிலையும் அதன் வடிகுழாயையும் சந்தேகியுங்கள்.

அடைத்த ஃபில்டரோடு ஓட்டினால் கண்ணாடியில் படியும் ஆவி சீக்கிரம் போகாது. புளோயரின் வேகத்தைக் குறைக்கும் ரெசிஸ்டர் பல வண்டிகளில் அந்தக் காற்றிலேயே குளிர்கிறது. காற்று குறைந்தால் சூடேறிக் கருகும். அதன் பிறகு முழு வேகம் மட்டுமே வேலை செய்யும். என் வண்டியில் அதுவும் நடந்தது.

பொதுவாக ஆண்டுக்கு ஒரு முறை, அல்லது 15,000 முதல் 25,000 கிலோமீட்டருக்கு ஒரு முறை மாற்றச் சொல்வார்கள். மண் சாலையும் மரத்தூளும் உள்ளவர்கள் பாதியாகக் குறைத்துக்கொள்ளுங்கள். மாற்றிய தேதியையும் கிலோமீட்டரையும் ஃபில்டரின் விளிம்பில் பேனாவால் எழுதிவிடுங்கள். நான் தேதி மட்டும்தான் எழுதுகிறேன். என் வண்டியின் கிலோமீட்டர் எண் நகர்ந்து வெகுகாலம் ஆயிற்று.