ட்ரெவெலினில் தேநீருக்குப் போகும் நாளில் மதியச் சாப்பாடு வேண்டாம்

அர்ஜென்டினாவின் சுபுட் மாகாணத்தில், ஆண்டிஸ் மலையடிவாரத்தில் உள்ள ட்ரெவெலினுக்குச் செல்பவர்கள், அங்குள்ள வேல்ஸ் தேநீர் இல்லத்துக்குப் போகும் நாளில் மதியச் சாப்பாட்டைத் தவிர்த்தால் ஒரு வேளைச் செலவு மிச்சமாகும். 1865-இல் படகோனியக் கடற்கரையில் வந்திறங்கிய வேல்ஸ் மக்களின் வழக்கப்படி, கம்பளி நூலுறை போர்த்திய கெண்டியோடு ரொட்டி, வெண்ணெய், பழ ஜாம், ஸ்கோன் என்னும் சிறு ரொட்டி, பலவகைக் கேக்குகள் எல்லாம் சேர்ந்தே மேசைக்கு வருவதால், வயிறு நிறைந்துவிடும். மிஞ்சியதில் ‘டோர்ட்டா நெக்ரா’ என்னும் கருப்புக் கேக்கை மட்டுமாவது கட்டித் தரச் சொல்லுங்கள். உலர்பழமும் மதுவும் சேர்ந்த அது பல நாள் கெடாது, வழிப்பயணத்துக்கு அருமையானது.

முட்டையும் மதுவும் தவிர்ப்பவர்களுக்கு இந்த யோசனை ஒத்துவராது. இவ்வில்லங்கள் பெரும்பாலும் பிற்பகலில்தான் திறக்கும் என்பதால், காலையிலேயே ஊரைவிட்டுக் கிளம்புபவர்களுக்கும் பயன்படாது.