இரண்டாவது கமரா ஏன் எழும்பவில்லை?

கொக்குவிலில் அம்மா தனிய இருக்கிறா. படலையையும் பின்வளவையும் கொழும்பிலிருந்து பார்க்க, பழைய கொம்பியூட்டரில் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளமும், கமராப் படத்தைக் காட்டிப் பதியும் மோஷன் மென்பொருளும் போட்டேன். முதல் யூஎஸ்பி கமரா ஓடியது. இரண்டாவதைச் செருகினால் 'நோ ஸ்பேஸ் லெஃப்ட் ஒன் டிவைஸ்', அதாவது இடமில்லை என்றது. பதிவுகளை அழித்தேன், டிஸ்க்கை மாற்றினேன். மூன்று நாள் வீண்.

இடமில்லாதது டிஸ்க்கில் அல்ல, யூஎஸ்பி பாதையில்! யூஎஸ்பி 2.0 இன் செக்கனுக்கு 480 மெகாபிட்டில் இப்படியான வீடியோவுக்கு ஒதுக்கக்கூடியது 80 வீதம், அதாவது 384. என் கமரா ஒவ்வொன்றும் 196 ஐ முன்கூட்டியே பிடித்துவைக்கிறது; இரண்டுக்கும் 392 வேண்டும். யூஎஸ்பி இணைப்புகளைப் பட்டியலிடும் 'எல்எஸ்யூஎஸ்பி -டி' கட்டளையைக் கொடுத்தபோது பின்பக்கத் துளைகள் இரண்டும் ஒரே பஸ்ஸில், அதாவது ஒரே பாதையில், தெரிந்தன. ஒரு கமராவைக் கழற்றி, வேறு பஸ்ஸிலுள்ள முன்பக்கத் துளையில் செருகினேன், உடனே படம் வந்தது. அப்பாடா!

வெளியிலிருந்து எஸ்எஸ்எச் என்ற மறைகுறியாக்கிய இணைப்பு வழியாகவே பார்க்கிறேன். மோஷன் நேரடிப் படத்தைக் காட்டும் 8081 போர்ட்டை இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள்.