பள்ளிவாசல் தெருவில் வாக்குக் கேட்கப் போகிறவர்கள் தவிர்க்க வேண்டியவை

2024 நாடாளுமன்றத் தேர்தலில் தமிழ்நாடு வாக்களித்தது ஏப்ரல் 19. நோன்புப் பெருநாள் ஏப்ரல் 11. பிரசாரத்தின் பெரும்பகுதி நோன்பு மாதத்திலேயே ஓடியது. வேட்பாளர்களுக்கு நோட்டீஸ் எழுதுவதும், தெருத் தெருவாகப் பயணத் திட்டம் போடுவதும் இருபது வருடத்துக்கு மேலாக என் வேலை. நான் 2001-இல் செய்த அதே தவறுகளைப் புதிதாக வந்த பையன்கள் வரிசையாகச் செய்வதைப் பார்த்து மனம் பொறுக்கவில்லை. நோன்பாளியிடம் பகலில் டீ நீட்டக் கூடாது என்பதெல்லாம் எல்லோருக்கும் தெரியும், அதை விடுகிறேன்.

"தமிழ் மக்களும் இஸ்லாமிய மக்களும்"

இது ஒன்றுதான் இன்றைக்கும் எனக்குக் கோபம் மூட்டுவது. 2001 சட்டமன்றத் தேர்தலில் ராமநாதபுரம் பக்கத்து ஊர் ஒன்றுக்கு நான் எழுதிய நோட்டீஸில், "தமிழ் மக்களும் இஸ்லாமிய மக்களும் அண்ணன் தம்பியாக வாழும் மண்" என்று ஒரு வரி. நல்ல வரி என்றே நம்பினேன். பள்ளிவாசல் திண்ணையில் இருந்த பெரியவர் சட்டைப்பையிலிருந்து பேனாவை எடுத்து, "தமிழ் மக்களும்" என்ற இடத்தில் வட்டம் போட்டு என்னிடமே திருப்பித் தந்தார்.

"அப்ப நாங்க யாரு தம்பி? எங்க அத்தா, அவுக அத்தா எல்லாம் இந்த மண்ணுலதான் அடங்கியிருக்காக."

எனக்கு வாய் எழவில்லை. அதற்குள் நோட்டீஸ் வீடு வீடாகப் போய்விட்டது. வழக்கமாக அங்கே எங்களுக்கு விழும் வாக்கு அந்த முறை விழவில்லை.

2024 தேர்தலில் இதே தவறு வேறு உருவத்தில் வந்தது. ஒரு வேட்பாளர், "உங்கள் மொழியில் நாலு வார்த்தை பேசுகிறேன்" என்று மனப்பாடம் செய்த உருதுவை ஒப்பித்தார். கேட்டுக்கொண்டிருந்தவர்களில் ஒருவருக்கும் உருது தெரியாது. வாணியம்பாடியிலும் ஆம்பூரிலும் உருது பல வீடுகளின் பேச்சுமொழி. கீழக்கரையிலும் காயல்பட்டினத்திலும் மேலப்பாளையத்திலும் வீட்டுமொழி தமிழ். அவர்கள் தொழுகை, நோன்பு, பெருநாள் என்கிறார்கள். நாம் போய் நமாஸ், ரோஜா, ரம்ஜான் என்கிறோம். தொன்மைதான் அளவுகோல் என்றால் தமிழே ஆட்சிமொழியாக வேண்டும் என்று அரசியல் நிர்ணய சபையில் வாதிட்ட முஸ்லிம் லீக் தலைவர் காயிதே மில்லத் திருநெல்வேலிப் பேட்டைக்காரர். அவர் வழி வந்தவர்களை வெளியூர் விருந்தாளி மாதிரி வரவேற்கிறோம். போகிற ஊரில் என்ன பேசுகிறார்கள் என்று முதல் நாளே ஒரு டீக்கடையில் உட்கார்ந்து கேளுங்கள்.

தொப்பி

அவர்கள் தந்தால் போடுங்கள். காரிலிருந்தே போட்டுக்கொண்டு இறங்காதீர்கள்.

நோன்பு திறக்கும் நேரம்

பாங்கு (தொழுகை அழைப்பு) சொன்னதும் பேரீச்சம்பழம் வாய்க்குப் போக வேண்டும். போட்டோவுக்காக ஒரு சிறுவனின் கஞ்சிக் கோப்பையை வேட்பாளர் வாங்கிப் பிடித்தபடி நின்றதை நான் பக்கத்திலிருந்து பார்த்தேன். பதிமூன்று மணி நேரத்துக்கு மேல் பச்சைத் தண்ணீர் படாத பிள்ளை, கண்ணை அந்தக் கோப்பையிலிருந்து எடுக்கவே இல்லை. கால் மணி நேரம் முன்பே போய், காட்டிய இடத்தில் உட்காருங்கள். பேச்சு வேண்டாம். பள்ளிவாசலைப் பிரசார மேடையாக்குவது நடத்தை விதிக்கு விரோதம். மதத்தைச் சொல்லி வாக்குக் கேட்பது மக்கள் பிரதிநிதித்துவச் சட்டம் 123(3)-இன்படி முறைகேடு; வாக்காளரின் மதமும் அதில் அடங்கும் என்று 2017-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஜெயித்த தேர்தலே செல்லாமல் போகலாம்.

கபர்ஸ்தான் சுற்றுச்சுவர்

எந்தக் கட்சி வந்தாலும் முதல் வாக்குறுதி இந்த இடுகாட்டுச் சுவர்தான். அதே ராமநாதபுரத்து ஊரில் ஒரு அம்மா வாசலில் வரிசையாக இருந்த குடங்களில் ஒன்றைக் கவிழ்த்துக் காட்டினார். "செத்தவுகளுக்குச் சுவர் பொறவு கட்டுங்கப்பா. இருக்கிறவுகளுக்கு மொதல்ல தண்ணி விடுங்க." தெருக்குழாயில் தண்ணீர் வந்து ஐந்து நாளாகியிருந்தது. எங்கள் வாக்குறுதிப் பட்டியலில் அந்தக் குழாய் இல்லை.