சைக்கிள் ரியூப்பும் ஜாம் போத்தல் விளக்கும்: அண்டத்தின் முடிவைப் படிப்படியாக விளங்கிக்கொள்வோம்

"ரீச்சர், சூரியன் அணைஞ்சால் மிச்சமெல்லாம் இருக்குமோ? இல்லாட்டி எல்லாமே ஒருநாள் முடிஞ்சிடுமோ?" தரம் 8 பிள்ளை ஒருத்தி மாலை வகுப்பில் கேட்டாள். ஒரு மணித்தியாலம் கதைத்தும் அவளுடைய முகம் தெளியவில்லை. அடுத்த கிழமை சாமான்களோடு போனேன். அன்றைக்குச் செய்ததைத்தான் இங்கே எழுதுகிறேன்.

வேண்டியவை: பழைய சைக்கிள் ரியூப், வெண்கட்டி, அடிமட்டம், ஆணி, ஒரு சின்னக் கல், இரண்டு சின்ன விளக்கு, முகில் இல்லாத ஓர் இரவு.

படி 1: ரியூப்பை இழுங்கள்

கெற்றப்போலுக்கு வெட்டுவதுபோல ரியூப்பை ஒரு விரல் அகலத்தில் நீளவாக்காக வெட்டுங்கள். ஒரு முனையைக் கதவு நிலையில் ஆணி அடித்து இறுக்குங்கள். ஆணியிலிருந்து 5, 10, 15, 20 சென்ரிமீற்றரில் வெண்கட்டியால் கோடு போடுங்கள். இனி ஒருவர் மெதுவாக இழுக்க, மற்றவர் அடிமட்டம் பிடிக்கட்டும். முதலாம் கோடு 10க்கு வந்ததும் நிறுத்துங்கள். நாலாம் கோடு 40க்குக் கிட்டப் போயிருக்கும். முதலாவது 5 சென்ரிமீற்றர் நகர்ந்த அதே நேரத்தில் நாலாவது 20 நகர்ந்துவிட்டது. எட்ட இருந்தது கூடிய வேகத்தில் விலகியிருக்கிறது.

1929இல் எட்வின் ஹபிள் என்ற வானியலாளர் விண்மீன் மண்டலங்களிடம், அதாவது கோடிக்கணக்கான நட்சத்திரங்கள் சேர்ந்த கூட்டங்களிடம், கண்டது இதைத்தான். அண்டமே ரியூப்பைப்போல விரிந்துகொண்டிருக்கிறது. இன்றைய அளவீட்டில், ஒவ்வொரு 32.6 லட்சம் ஒளியாண்டு (ஒளி ஓர் ஆண்டில் போகும் தூரம்தான் ஓர் ஒளியாண்டு) தூரத்துக்கும் விலகும் வேகம் நொடிக்கு ஏறத்தாழ 70 கிலோமீற்றர் கூடுகிறது. ஆணியை அண்டத்தின் நடு என்று நினைத்துவிடாதீர்கள். எந்தக் கோட்டில் ஓர் எறும்பை விட்டாலும், மற்றக் கோடுகளெல்லாம் தன்னைவிட்டுப் போவதாகத்தான் அதற்குத் தெரியும். ரியூப்பை மனதுக்குள் பின்னோக்கிச் சுருக்கிக்கொண்டே போனால் 1380 கோடி ஆண்டுகளுக்கு முந்திய பெருவெடிப்பு வரும்.

இந்தப் படியில் அவசரம் வேண்டாம். பிள்ளைகள் ஆளுக்கொரு தடவை இழுத்துப் பார்க்கட்டும்.

படி 2: கல்லை எறியுங்கள்

ஆளில்லாத பக்கமாகப் பார்த்து மேலே எறியுங்கள். பூமி இழுக்க இழுக்க வேகம் குறைந்து கல் திரும்பி வரும். அண்டத்திலும் பொருளுக்குப் பொருள் ஈர்ப்பு இருக்கிறதே. அதனால் விரிவும் ஒருநாள் நின்று, எல்லாம் திரும்பி வந்து நெரிபடலாம். இது முதலாவது முடிவு, பெருங்குறுக்கம்.

விரிவின் வேகம் எவ்வளவு குறைகிறது என்று அளக்கத்தான் தூரத்தில் வெடித்த நட்சத்திரங்களை இரண்டு குழுக்கள் ஆராய்ந்தன. 1998இல் வந்த விடை தலைகீழாக இருந்தது. எறிந்த கல் மேலே போகப் போக வேகம் எடுத்ததுபோல, விரிவு விரைவடைந்துகொண்டிருந்தது. சோல் பேர்ள்மற்றர், பிரையன் ஷ்மிட், அடம் ரீஸ் மூவருக்கும் 2011இல் நோபல் பரிசு கிடைத்தது. தள்ளுகிற அந்த ஏதோ ஒன்றுக்கு இருண்ட ஆற்றல் என்று பெயர். அண்டத்தில் ஏறத்தாழ 68 சதவீதம் அதுதான். முடிவு எதுவென்பது பெரும்பாலும் அதன் குணத்தில்தான் தங்கியிருக்கிறது.

படி 3: விளக்கைப் பாருங்கள்

தொண்ணூறுகளில் வன்னியில் மின்சாரம் இல்லை, மண்ணெண்ணெயும் அரிது. ஜாம் போத்தலுக்குள் நூல்திரி எரிய, அந்த வெளிச்சத்தில் படித்தவள் நான். திரியைக் கொஞ்சம் தூண்டினாலே அம்மா ஏசுவா. மெல்லிய திரி என்றால் எண்ணெய் விடியும்வரை காணும்.

ஒரே அளவு எண்ணெய் விட்டு, ஒரு விளக்கில் தடித்த திரியும் மற்றதில் மெல்லிய திரியும் போட்டுக் கொளுத்துங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் நிற்கவேண்டும். தடித்தது பளிச்சென்று எரிந்து முதலில் நூரும். பெரிய நட்சத்திரத்திடம் எண்ணெயும் கூடத்தான், ஆனால் திரி அதைவிடப் பலமடங்கு தடிப்பு. சில பத்து லட்சம் ஆண்டுகளிலேயே முடிந்துவிடும். சூரியனுக்கு மொத்தம் ஏறத்தாழ 1000 கோடி ஆண்டுகள், அதில் 460 கோடி போய்விட்டது. செங்குறு விண்மீன்கள் என்கிற சின்ன, மங்கலான சிவப்பு நட்சத்திரங்கள்தான் அம்மாவின் மெல்லிய திரி: லட்சக்கணக்கான கோடி ஆண்டுகள் எரியும்.

விரிவு இப்படியே தொடர்ந்தால், ஏறத்தாழ 1 கோடி கோடி ஆண்டுகளில் கடைசித் திரிகளும் நூரும். மிஞ்சுவது வெண்குறு விண்மீன்களின் (சூரியன் போன்றவை எரிந்து முடிந்து விட்டுப்போகும் கருக்களின்) ஆறிய உடல்களும், ஒளிகூடத் தப்பமுடியாத ஈர்ப்புள்ள கருந்துளைகளும். கருந்துளையும் நிலைக்காது, மிக மெதுவாக ஆவியாகும் என்று 1974இல் ஸ்டீபன் ஹோக்கிங் காட்டினார். சூரியன் அளவு எடையுள்ள ஒன்றுக்கு 1 போட்டுப் பின்னால் 67 சுழியம் போட்டால் வருகிற அத்தனை ஆண்டுகள் செல்லும். பிறகு எங்கும் ஒரே குளிர். வாங்கில் மறந்து வைத்த பிளேன்ரீ வெளிச்சூட்டுக்கு ஆறிவிட்டால் அதிலிருந்து ஆவிகூட எழும்பாது அல்லவா, அப்படி. இதுதான் பெருங்குளிர். இன்றைக்கு அதிகம் பேர் ஏற்கிற முடிவும் இதுதான்.

படி 4: ரியூப் அறுந்தால்?

இருண்ட ஆற்றலின் தள்ளும் பலம் காலத்தோடு கூடிக்கொண்டே போனால் பெருங்கிழிவு. 2003இல் ரொபேர்ட் கோல்ட்வெல்லும் கூட்டாளிகளும் போட்ட ஓர் உதாரணக் கணக்கில் அது 2200 கோடி ஆண்டுகளுக்கு அப்பால். முடிவுக்கு 6 கோடி ஆண்டுகளுக்கு முன் எங்கள் விண்மீன் மண்டலமான பால்வீதி கலையும், 3 மாதத்துக்கு முன் சூரியக் குடும்பம் சிதறும், கடைசி அரை மணித்தியாலத்தில் பூமி போன்ற கோள்கள் உடையும், ஆகக் கடைசியாக அணுக்கள்.

அரிசோனாவில் 5000 கண்ணாடி இழைகளால் வானத்தை அளக்கும் டெசி கருவியின் 2024, 2025 முடிவுகளோ வேறு பக்கம் காட்டுகின்றன: இருண்ட ஆற்றல் பலம் குறைந்து வருகிறதோ என்று. இன்னும் உறுதியாகவில்லை. உறுதியானால் இந்தப் பாடத்தை நான் திருத்தி எழுதவேண்டி வரும். சந்தோஷமாக எழுதுவேன்.

படி 5: குளக்கட்டுக்குப் போங்கள்

மாரி மழைக்கு முந்தி, புரட்டாதியில் நிலவில்லாத நாளாகப் பாருங்கள். தனியே போகவேண்டாம், யானை வரும் பக்கமென்றால் வீட்டு முற்றமே போதும். நடுச்சாமத்துக்குச் சற்று முன் வடக்கே பாருங்கள். ஐந்து வெள்ளிகள் நெளிநெளியாக நிற்கும். அதில் கூரான முனை மேலே காட்டும் பக்கமாக, நீட்டிய கையின் ஒன்றரை முட்டி தூரத்தில், மங்கலான புகைத்திட்டு ஒன்று இருக்கும். அதுதான் அந்திரொமேடா என்ற விண்மீன் மண்டலம், 25 லட்சம் ஒளியாண்டு தூரம். அது எங்களைவிட்டு விலகவில்லை, ஈர்ப்பால் எங்கள் பக்கமே வருகிறது. விரிவு விரைந்துகொண்டே போனால், வெகு காலத்துக்குப் பின் தூர மண்டலங்களெல்லாம் பார்வைக்கு அப்பால் போய்விடும். ஈர்ப்பால் கட்டுண்ட இப்படிப்பட்ட அயலவை மட்டும் எங்களோடு மிஞ்சும்.

ரோச்சை அணைத்துவிட்டு இருபது நிமிடம் இருட்டில் இருங்கள். நேரே பார்த்தால் அது மறைந்துவிடும், பார்வையைச் சற்றுப் பக்கத்தில் வைத்தால் தெரியும்.