மாஸ்க் கண்ணாடி மங்காமல் இருக்க பேபி ஷாம்பு

கோவளத்தில் ஸ்கூபா டைவிங் போகிறீர்களா? படகிலிருந்து இறங்கும் முன், மாஸ்க்கின் உள்பக்கக் கண்ணாடியில் ஒரு சொட்டு பேபி ஷாம்புவை விரலால் தேய்த்து, கடல்நீரில் ஒரே ஒரு முறை லேசாக அலசுங்கள். தனியாக ஸ்ப்ரே வாங்க வேண்டாம். மூச்சின் ஈரம் பொடிப்பொடித் துளிகளாகப் படிவதால்தான் கண்ணாடி மங்குகிறது. ஷாம்பு நீரின் பரப்பு இழுவிசையைக் குறைப்பதால், ஈரம் துளியாகத் திரளாமல் மெல்லிய படலமாகப் பரவிவிடும். அழுத்தி அலசினால் போச்சு.

புது மாஸ்க்குக்கு இது போதாது. தயாரிப்பில் ஒட்டிய படலத்தை முதலில் வெள்ளை டூத்பேஸ்ட்டால் தேய்த்து எடுக்க வேண்டும். மங்காத பூச்சுள்ள கண்ணாடி என்றால் பேஸ்ட் பக்கமே போகாதீர்கள், பூச்சு உரிந்துவிடும். அப்புறம், வடகிழக்குப் பருவமழையில் கடலே கலங்கிக் கிடக்கும். அதற்கு ஷாம்பு என்ன செய்யும்?